பிரேமன் நகரத்து வாளிக் கடை

ஜெனி,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால், அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான கோபம், மற்றபடி சுகம் என்று எழுதுகிறேன். போனில் சொல்லாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது பேச்சிலேயே எனக்குச் சத்தம் கூடிவிடுகிறது. நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நான் கத்த முடியாது, நீயும் நடுவில் வைக்க முடியாது. முதலில் எழுதிப் பார்த்ததை அம்மா படித்துவிட்டாள். சபைப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுங்கள் என்கிறாள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தினமும் போனில் சமையல் விசாரணை நடத்தும் அப்பன்மார் நம் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அவர்களுக்கெல்லாம் நான்தான் தலைவராம். நீ சம்மதித்தால் கொடுக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, இந்த மாதத்துக்குள் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். உன்னைப் பெண் கேட்ட சாத்தான்குளத்து மாப்பிள்ளை வீட்டாரும் பதில் கேட்கிறார்கள். நீ இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் இருக்கிறாய். நாங்கள் பிரேமனில் உன்னோடு இருந்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து உன் பேச்சே சுருங்கிவிட்டது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "சாப்பிட்டேன்ப்பா" என்கிறாய். முன்பெல்லாம் பொய்யாவது சொல்வாய். இப்போது அதுவும் இல்லை. உன் கையெழுத்தைவிட அந்த ஒற்றைச் சொல்தான் என்னைப் போட்டு வாட்டுகிறது.

நம் குடும்பத்துக்குச் சோறு போட்டது மற்றவர்களுடைய சாப்பாட்டு ஆசைதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி, முட்டை என்று சாமான் கொடுப்பது என் தொழில். போர்டில் ஷிப் சாண்ட்லர் என்று எழுதியிருந்தாலும், பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது "கப்பலுக்குப் பலசரக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவள் நீ. அது சரியான பதில்தான். உக்ரைன்காரர்கள் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் கேட்பார்கள். பிலிப்பைன்ஸ் பையன்கள் பன்றிக்கறியும் மீன் தலையும் கேட்பார்கள். சீனாக்காரர்கள் கேட்கும் கீரை நம் மார்க்கெட்டில் கிடைக்காது, அதற்கு ஊட்டியில் ஆள் பிடித்து வரவழைப்பேன். கடலில் கிடப்பவனுக்குத் தன் ஊர்ச் சாப்பாடு கிடைத்துவிட்டால் பாதி ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நானே உன்னிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறேன். ஊரான் பிள்ளைகளுக்குத் தெரிந்து செய்ததை என் பிள்ளை விஷயத்தில் கோட்டைவிட்டேன்.

கப்பல் நிற்கும் நாளில் ஊருக்குள் போய்வர அனுமதி கிடைத்தால் பையன்கள் என் வேனில்தான் ஏறுவார்கள். எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்வார்கள். பாளையங்கோட்டை ரோட்டில் சிவப்பு போர்டு போட்ட அந்தக் கோழிக் கடை. அது எந்த நாட்டுக் கம்பெனி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோழியை வாளியில் போட்டுக் கொடுப்பதால் உன் அம்மா அதற்கு 'வாளிக் கடை' என்று பெயர் வைத்தாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். பொரித்த பரோட்டா கிடைக்கிற ஊரில், சீலா மீன் குழம்பு கிடைக்கிற ஊரில், மாதக்கணக்காகக் கடலில் கிடந்துவிட்டு வந்தவனுக்கு இதுவா கேட்கிறது என்று சிரிப்பேன். அவர்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள், நான் வெளியில் வேனில் காத்திருப்பேன். கோழி பொரிக்கும் வாசனை வேன் முழுக்க வரும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உள்ளே கால் வைத்தது கிடையாது. நர்சிங் படிக்கும்போது உன் பிறந்தநாளுக்குக் கூட்டாளிகளோடு அங்கே போனாயே, அன்றும் நான் வேனில்தான் இருந்தேன். டிஷ்யூ பேப்பரில் சுற்றி எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்தாய். தின்றுவிட்டேன், நன்றாக இருந்தது என்றேன். தின்னவில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு விஷயத்தில் நம் வீட்டில் முதலில் பொய் சொன்னது யார் என்பது உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

நீ ஜெர்மனிக்குப் போன நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. என்ன வேலை, எப்படிப்பட்ட மனிதர்கள், நீ சிரித்தாயா, அழுதாயா, எதுவும் கேட்கவில்லை. "என்னளா சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டேன். நீயும் சோறு வடித்தேன், ரசம் வைத்தேன், முட்டை பொரித்தேன் என்று ஒப்பிப்பாய். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரும். ஒருநாள் வீடியோவில் உன் முழங்கைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு வாளியின் விளிம்பு தெரிந்துவிட்டது. அன்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அவ தின்னுதது கோழிதான, வெஷமா? சும்மா கெடங்க" என்று அம்மா அதட்டினாள். நான் சும்மா கிடக்கவில்லை. இந்தப் பிள்ளை உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாள், போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். உன்னைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னோமே தவிர, நான் வந்தது அதற்குத்தான்.

அம்மா பெட்டி நிறைய இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கருப்பட்டி, சீலாக் கருவாடு என்று கட்டிக்கொண்டு வந்தாளே, முதல் நாளே கருவாட்டை வறுக்கப் போய் என்ன ஆயிற்று? உன் வீட்டுக் கூரையில் இருந்த வட்டப் பெட்டி புகை பட்டதும் அலற ஆரம்பித்தது. மாடி வீட்டு அம்மாள் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தாள். நீ ஸ்டூலில் ஏறி அதை நிறுத்திவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, அவளிடம் அவள் பாஷையில் என்னவோ சொன்னாய். அவள் சிரித்துவிட்டு அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கருவாடு தின்றோம். நீ எவ்வளவு அழகாக அந்த பாஷையைப் பேசினாய் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கருவாடு வறுக்க முடியாத ஊரில் என் மகள் இருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

பிறகு நான் தொலைந்துபோன அந்த நாள். நீ டூட்டிக்குப் போயிருந்தாய், அம்மா படுத்திருந்தாள். ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். ஆறு வந்தது, பாலம் வந்தது, மழையும் வந்தது. ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் திசை மாறிவிட்டது. எல்லாத் தெருவும் ஒன்றுபோல் இருந்தது, எல்லாப் பெயரும் ஒரு முழ நீளம். போனில் சார்ஜ் இல்லை. இரண்டு பேரை நிறுத்திக் கேட்டேன். நான் பேசுவது கப்பல் இங்கிலீஷ். கேப்டன், கார்கோ, டுமாரோ மார்னிங் என்பதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வழி கேட்க முடியவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை நாட்டுக் கப்பலில் ஏறி இறங்கியவன், ஒரு தெருமுனையில் நனைந்துகொண்டு பயந்து நின்றேன் ஜெனி. அப்போது எதிர்ப்பக்கம் அந்தச் சிவப்பு போர்டு தெரிந்தது.

ஊரில் ஒருநாளும் நுழையாத கடைக்குள் அங்கே என் கால் தானாகப் போய்விட்டது. வேனிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்த அதே நாற்காலி, அதே படம், அதே எண்ணெய் வாசனை. வேனில் வியர்வையோடு உட்கார்ந்து பையன்களுக்குக் காத்திருக்கும் சாயங்காலம் அப்படியே வந்து நின்றது. பெரிய திரையில் இருந்த படத்தைத் தொட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சைகை காட்டினார்கள். முன்னால் நின்ற ஒருவர் எதைத் தொட வேண்டும் என்று காட்டினார், நீ தந்திருந்த நோட்டைக் கொடுத்தேன். தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வழக்கம்போல் கண்ணை மூடி ஜெபம் பண்ணப் பார்த்தேன். ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தின்னாத சாப்பாடு எனக்கு ஊரை ஞாபகப்படுத்துகிறது என்றால் யார் நம்புவார்கள்? முதல் தடவையாக அதைத் தின்றேன். காரம் பத்தாது. ஆனால் தோல் மொறுமொறு என்று நன்றாகத்தான் இருந்தது.

தொட்டுக்கொள்ளக் கொடுத்த சின்ன டப்பா தீர்ந்ததும், நம் பரோட்டாக் கடையில் சால்னா கேட்பதுபோல் காலி டப்பாவைத் தூக்கிக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். அவள் காசு கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சால்னாவுக்குக் காசு கேட்ட கடை தூத்துக்குடியில் ஒருநாள் ஓடுமா? நான் அப்படியே நின்றதைப் பார்த்து என்ன நினைத்தாளோ, பேசாமல் இரண்டு டப்பாவைத் தட்டில் வைத்தாள். போனைக் காட்டினேன், சார்ஜ் போட்டுக் கொடுத்தாள். உனக்குப் பேசினேன். கடையின் பெயரைச் சொன்னதும், "அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல உள்ளதாப்பா? அங்கனயே இருங்க" என்றாய்.

யூனிஃபார்மின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். கவுண்டர் பெண் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீ போர்டைப் பார்க்காமலே உனக்கு வேண்டியதைச் சொன்னாய், அவள் நீ சொல்லி முடிப்பதற்குள் எடுத்து வைத்தாள். மூலை மேசையில் என் எதிரில் உட்கார்ந்து நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

"ஆரம்பத்துல எனக்கு பாஷை வரல்லப்பா. வார்டுல வாயத் தொறந்தா யாராவது திருத்துவாங்க. கடைக்குப் போனா டப்பால என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. ஒருநாள் தயிர்னு நெனச்சு எதையோ வாங்கிட்டு வந்து சோத்துல ஊத்திட்டேன், தித்திப்பு. அழுதுக்கிட்டே கொட்டுனேன். இங்கன மட்டுந்தான் என்ன வரும்னு எனக்குத் தெரியும். படத்தக் காட்டுனாப் போதும், யாரும் திருத்த மாட்டாங்க. வாங்கிட்டு இந்த மேசைல உக்காந்துதான் உங்களுக்குப் போன் பண்ணுவேன். சோறு, ரசம்னு சொன்னதெல்லாம் இங்கன இருந்துதான்."

"ஏன்ளா பொய் சொன்ன?"

"நீங்க தூங்கணும்லாப்பா."

அந்த இடத்தில் நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "இவ்வளவு கஷ்டப்பட்டுக்கிட்டு இங்கன எதுக்குளா இருக்க? எழுதிக் குடுத்துட்டு வந்துரு. சாத்தான்குளத்துக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். நீ மனம் விட்டுச் சொன்னதை, என் வழக்குக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன். உன் பேச்சில் 'ஆரம்பத்துல' என்று ஒரு சொல் இருந்தது. அது என் காதில் ஏறவே இல்லை. இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீ எவ்வளவோ சொல்லியிருப்பாய். நீ விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, "பஸ் வந்துரும்ப்பா, வாங்க" என்று எழுந்துவிட்டாய். நம் இரண்டு பேர் தட்டையும் நீயே கொண்டுபோய் வைத்தாய்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. நாலைந்து பிலிப்பைன்ஸ் பையன்கள் வேனில் ஏறினார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, நேரே வாளிக் கடைக்கு விட்டேன். இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். முன்பும் என் வேனில் வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கே ஆச்சரியம். என் பக்கத்தில் உட்கார்ந்த ஜோயல் என்கிற பையன் போனில் தன் அம்மாவைக் கூப்பிட்டு, வாளியைத் தூக்கிக் காட்டினான். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவோ கேட்டாள், இவன் ஒரு துண்டை எடுத்துக் காட்டினான், அவள் தலையை ஆட்டினாள். என்ன கேட்கிறாள் என்றேன். தொடையா, நெஞ்சா என்று கேட்கிறாளாம். தோல் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று கேட்கிறாளாம். அவன் கடித்தான், அவளுக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தான். எங்கேயோ ஒரு தீவில் இருந்துகொண்டு அவள் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னால் அந்தப் பக்கமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

எப்போது வீட்டுக்குப் போவாய் என்று அவனிடம் கேட்டேன். இன்னும் ரொம்ப மாதம் இருக்கிறது என்றான். உன் அம்மா வா, வா என்று கூப்பிடமாட்டாளா என்றேன். அவளுக்கு எப்போதும் அதே நினைப்புத்தான், ஆனால் சாப்பிடும்போது சொல்லமாட்டாள் என்றான். அவன் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, வாயில் கோழியை வைத்துக்கொண்டுதான் சொன்னான். நான் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு நின்றேன். உன் தட்டில் இருந்ததை நான் என்றைக்காவது உன்னோடு சேர்ந்து சாப்பிட்டிருக்கிறேனா? உன் தட்டில் என்ன இல்லை என்பதைத்தானே தினமும் கணக்கெடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "இத நா எத்தன நாளா சொல்லுதேன், கப்பல்காரன் வந்து சொன்னாத்தான் ஒங்களுக்கு ஏறுமோ?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

போன வாரம் நம் கோவிலில் அசனம். சபை முழுக்க வரிசையாக உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றையும் ஒரே கறிக் குழம்பையும் சாப்பிடும் நாள் என்றால் உனக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மாவுக்குப் பக்கத்தில் நீ உட்காரும் இடத்தில் வேறு யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், அதை மறைக்க மாட்டேன். சாத்தான்குளத்து மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார், என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கறி ஊற்றிக்கொண்டு வரும்போது ஆரம்பித்தார்.

"என்ன அண்ணாச்சி, மக எப்ப வாரா? ஒரு முடிவச் சொல்லுங்க."

"முடிவு அவளுது அண்ணாச்சி. அவள வரச்சொல்லி இனும நா கூப்புட மாட்டேன்."

"பொட்டப் புள்ள, தனியா கெடக்கா. அங்கன யாரு பொங்கிப் போடுதா?"

"அவளே பொங்குதா. பொங்க முடியாத அன்னைக்கு வாளிக் கடைல வாங்கித் திங்கா. நானும் போயித் தின்னேன், நல்லாத்தான் இருக்கு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் மாறிவிட்டது. போகட்டும். எதிர் வரிசையிலிருந்து உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அப்பா என்றால் புத்தி சொல்லாமல் முடியுமா, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீரை காய்கறி தின்னு, வாளிக் கடையே கதி என்று இராதே. உன்னைப்போல ஊரிலிருந்து புதிதாக வந்து பாஷை தெரியாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால், கூட்டிக்கொண்டு போய் அந்த மூலை மேசையில் உட்கார வை, தயிர் டப்பா எது என்று காட்டிக் கொடு. உனக்கு ஒருவனைப் பிடித்தால் எங்களிடம் சொல். பிடிக்காத ஒருவனை அப்பா சொன்னார் என்பதற்காகக் கட்டிக்கொள்ளாதே.

நீ திரும்பி வர வேண்டும் என்கிற ஆசை எனக்குப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. துறைமுகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அது கூடவே வருகிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்காக நீ அங்கே பாடுபட்டுச் சம்பாதித்த பாஷையையும் மரியாதையையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. உனக்கு அங்கே இருக்க மனம் இருந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடு. எங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு போடாமல் இராதே. போட்டுவிட்டு வெளியே வந்து, பசித்தால், உனக்கு எது வேண்டுமோ அதை வாங்கிச் சாப்பிடு. சாப்பிடும்போதே எனக்குப் போன் பண்ணு. என்னளா சாப்பிடுத என்று கேட்பேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. உள்ளதைச் சொல்லு, மக்கா. நான் தூங்கிவிடுவேன்.

உன்
அப்பா